குளூட்டனும் பாலும் இல்லாத சமையல்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்து 11 வருடம் ஆகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய் அது. பாலும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. போன மாதம் ஒரு தோழியின் அடுப்படியில் நின்றபோது அதே தவறுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. அவள் மகனுக்கு இப்போதுதான் நோய் தெரியவந்திருக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகாது, தயிர், வெண்ணெய் ஆகாது என்பதை எல்லோரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

மாவை மாற்றிவிட்டுச் சல்லடையை மாற்றாமல் விடுவது

தோழி நல்ல மாவாகத் தேடித்தான் வாங்கியிருந்தாள். அதைப் பழைய சல்லடையில் கொட்டப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். கழுவிக் காயவைத்த சல்லடைதான். ஒரு கறுப்புத் தட்டின்மேல் அதைக் கவிழ்த்து, விளிம்பில் நாலு தட்டு தட்டச் சொன்னேன். வலையும் வளையமும் சேரும் இடுக்கிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அத்தனையும் பழைய கோதுமை மாவு.

"இத்தனூண்டு தூசி என்ன செய்துவிடும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நானும் அப்படிக் கேட்டவள்தான். அதற்கான வேதனையை அனுபவித்தவள் என் மகள். எட்டு மாதம் வயிற்றுவலி நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் இந்த நோயைக் காட்டும் ஆன்டிபாடி அளவு இறங்கவே இல்லை. வெளியில் ஒளித்து எதையாவது தின்கிறாளோ என்று அவளையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் என் சல்லடையும் மரப்பலகையும்தான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று ஓர் உணவைச் சொல்வதற்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் இருப்பது ஏறக்குறைய 2 கிராம். சீலியாக் நோயாளிகளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே சிறுகுடலின் உள்சுவர் பாதிக்கப்படுவதை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ரொட்டித் துண்டை நாற்பதாகப் பிய்த்தால், அதில் ஒரு துணுக்கு. அவ்வளவுதான்.

கொதித்தால் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். குளூட்டன் கிருமி இல்லை, புரதம். அடுப்புச் சூட்டில் அது செத்துப்போகாது. கோதுமை மாவில் தோய்த்துப் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் போட்டால், அந்த உருளைக்கிழங்கும் ஆகாது.

இதற்காக அடுப்படியையே மாற்ற வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். சல்லடை, மரக்கரண்டி, மரப்பலகை, மாவு தேய்க்கும் கட்டை, கீறல் விழுந்த நான்ஸ்டிக், டோஸ்டர், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், இவை மட்டும் தனியாக வேண்டும். எங்கள் வீட்டில் மகளுக்கானவற்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அப்புறம், கோதுமை மாவைக் கொட்டும்போது தூசி பறந்து திறந்த பாத்திரங்களில் படியும். அவளுக்குச் சமைத்து மூடிவைத்த பிறகுதான் அந்த டப்பாவைத் திறப்பேன்.

லாக்டோஸ் இல்லாத பால்

அதுவும் பால்தான். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மட்டும்தான் அதில் இல்லை. பால் புரதம் அப்படியே இருக்கிறது. அந்தப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாது.

ஓட்ஸ்

குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருந்தால் மட்டும். அதையும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது

வேண்டாம். நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

ஒரு கப்புக்கு ஒரு கப்

கோதுமை மாவுக்குப் பதில் அதே அளவு அரிசி மாவைப் போட்டால் ரொட்டி உதிர்ந்துவிடும். பிடித்துவைக்க குளூட்டன் இல்லையே. 100 கிராம் மாவுக்கு 5 கிராம் இசப்கோல் உமி சேர்த்துப் பாருங்கள். கப்பை விட்டுவிட்டுத் தராசில் நிறுங்கள். கலந்த உடனே மாவு தளர்வாகத் தெரியும். பயந்துபோய் இன்னும் மாவைக் கொட்டாதீர்கள். அரை மணி நேரம் ஊறினால் தானாக இறுகும்.

அரிசியையும் தேங்காய்ப்பாலையும் மட்டுமே நம்புவது

மூன்று வேளையும் அரிசி மாவு என்றால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? சோளம், கம்பு, பயறு, கீரை எல்லாம் மாறி மாறி வரட்டும். மாட்டுப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கால்சியம் சேர்க்காத தாவரப் பாலில் அதில் சிறு பங்குதான். சேர்த்த பாலாக வாங்கினாலும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். ஒருமுறை காலிப் பெட்டியைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தேன். மகளுக்குப் போயிருக்க வேண்டிய கால்சியம், அடியில் வெள்ளைக் கசடாக ஒட்டிக்கொண்டிருந்தது.