பத்தியத்தோடு வெளிநாட்டுப் பயணம்: ஒரு கிலோ கஞ்சி ரவையும் ஒரு பிளாஸ்க்கும்

சித்த வைத்தியர் தரும் பத்தியப் பட்டியல் மருந்துக்கு மருந்து மாறும். புளி, கடுகு, எள், நல்லெண்ணெய், கத்தரிக்காய், பாகற்காய், அகத்தி, கருவாடு ஆகாது என்பதுதான் பெரும்பாலும் வரும். இந்தச் செய்முறை அதற்கானது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அரிசி, பருப்பு, உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பத்தியம் இரண்டு நாள் தாங்காது. வெந்நீர் கிடைத்தாலே சாப்பாடாகிவிடும் பொருள் ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். மற்றது கிடைத்தால் லாபம்.

1. கஞ்சி ரவை

புழுங்கலரிசி 800 கிராம், பாசிப்பருப்பு 200 கிராம், சீரகம் 10 கிராம். மிளகுக்குத் தடையில்லை என்றால் 5 கிராம். மதுரைக்காரர்கள் கீழமாசி வீதியில் ஒரு நடை நடந்தால் இந்துப்பு, சுக்கு உட்பட எல்லாம் வாங்கிவிடலாம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். அரிசி லேசாகப் பொரியும்போதும், பருப்பு வாசம் வரும்போதும் இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறவிட்டு வீட்டு மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, ரவைப் பதத்துக்கு உடையுங்கள். மில்லுக்குக் கொடுக்காதீர்கள், முன்னால் அரைத்தவரின் மிளகாய்த்தூளோ கோதுமையோ இதில் கலந்துவிடும். அரைத்த சூட்டோடு கட்டினாலும் கெட்டது. உள்ளே நீர் வேர்த்து, மூன்றாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும்.

ஒரு வேளைக்கு 60 கிராம். ஏழு நாளுக்கு, நாளுக்கு இரண்டு வேளை என்றால் 840 கிராம். மீதி, விமானம் தாமதமானால் உதவும். வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள். பெயர் எழுதாத வெள்ளைப் பொடியை எந்த ஊர் விமான நிலையத்திலும் பிரித்துக் கிளறுவார்கள். எல்லாமே செக்-இன் பெட்டியில் போகட்டும். இரண்டு பொட்டலம் மட்டும் கைப்பையில்.

2. பிளாஸ்க்கில் வேகவைப்பது

பலர் கோட்டை விடும் இடம் இது. ஹோட்டல் கெட்டிலில் கஞ்சியைக் காய்ச்சாதீர்கள். நுரைத்துப் பொங்கும், அடிப்பிடிக்கும், கெட்டில் பாழானால் பணமும் கேட்பார்கள். கெட்டில் தண்ணீருக்கு மட்டும்.

அகல வாய் வைத்த 500 மில்லி ஸ்டீல் பிளாஸ்க்தான் சரி. கண்ணாடி உள்ளறை பெட்டியில் உடையும். முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். இதைத் தவிர்த்தால் குளிர்ந்த ஸ்டீலே சூட்டில் கொஞ்சத்தைக் குடித்துவிடும், ரவை நறநறவென்று நிற்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, ரவையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரைக் கழுத்துவரை ஊற்றி மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு குலுக்கல். இல்லையென்றால் அடியில் கட்டி தட்டும். ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். பாதி பிளாஸ்க் மட்டும் நிரப்பினால் சூடு நிற்காது. இந்துப்பு சாப்பிடும்போது போடுங்கள்.

காலையில் போட்டதை இரவுக்கு வைக்காதீர்கள். வெதுவெதுப்பான அரிசிக் கஞ்சியில் கிருமி வேகமாகப் பெருகும்.

3. குக்கர் எடுப்பவர்களுக்கு

துபாய், சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் மின்னழுத்தம் நம் ஊர் மாதிரிதான். பிளக் மட்டும் பட்டையான மூன்று முனை. அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரை அங்கே செருகினால் கிட்டத்தட்ட கால் பங்கு சூடுதான் வரும். அரிசி ஊறும், வேகாது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஒரு லிட்டர் குக்கரை அங்கேயே வாங்கிவிடுங்கள். அறையில் சமைக்க அனுமதி உண்டா என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். அனுமதி இருந்தாலும் தாளிக்க வேண்டாம், புகை அலாரம் அடிக்கும்.

4. சுங்கம்

அமீரகத்துக்குக் கசகசா கொண்டுபோகவே கூடாது; அங்கே அது போதைப்பொருள் கணக்கு. கடையில் வாங்கிய குருமாப் பொடியிலும் இருக்கலாம். அமெரிக்காவுக்கு நம் ஊர் அரிசியைப் பயணப் பெட்டியில் கொண்டுபோக முடியாது, தானியத்தை அழிக்கும் காப்ரா வண்டு பயம். கஞ்சி ரவையையும் நம்பி எடுக்காதீர்கள். அங்குள்ள இந்தியக் கடையில் அரிசி வாங்கி உடைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் எந்த உணவானாலும் படிவத்தில் அறிவித்துவிடுங்கள்; விதையுள்ள சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றலை வீட்டிலேயே விட்டுப்போவது உத்தமம்.

மருந்தைச் சீல் பிரிக்காத டப்பாவில், ஆங்கிலச் சீட்டோடு எடுங்கள். லேகியத்தில் கஞ்சா சேர்மானம் உண்டா என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அதற்கு மன்னிப்பு கிடையாது.

5. விமானச் சாப்பாடு

மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான், வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். நீண்ட பயணத்துக்கு ‘ஏவிஎம்எல்’, அதாவது விமானக் கம்பெனிகளின் ஆசியச் சைவச் சாப்பாடு, எடுத்தால் நம் ஊர்ச் சைவம் என்று நினைப்பார்கள். மசாலா தூக்கலாக வரும். ‘பிஎல்எம்எல்’ காரமில்லாதது, ஆனால் இறைச்சி வரலாம். பழத்தட்டு, அதாவது ‘எஃப்பிஎம்எல்’, பழத்துக்குத் தடையில்லாதவர்களுக்குத் தொல்லையில்லை. ஒரு நாளாவது முன்பே சொல்லிவிட வேண்டும்.

6. வெளியில் சாப்பிட்டால்

எது ஆகாது என்று அடுக்கினால் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வேண்டியதைச் சொல்லுங்கள்: வெள்ளைச் சோறு, மோர், உப்பு மட்டும் போட்டு வேகவைத்த காய். சாம்பாரும் ரசமும் தமிழ்க் கடையில் கிடைத்தாலும் புளிதான்.

துபாயில் ஹம்முஸைக் கடலை மசியல் என்று நம்பாதீர்கள், எள் விழுது சேர்ந்தது. முத்தபலில் சுட்ட கத்தரிக்காயும் எள்ளும் சேர்ந்தே வரும். மலேசியாவில் ‘அசாம்’ என்று பெயரில் இருந்தால் புளிப்பு. சம்பலில் பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது. சீனக் கடைகளில் இறக்கும்போது எள்ளெண்ணெய் ஊற்றுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

பின்னர் சேர்த்தது: கோதுமை ஆகாதவர்கள் கூட்டுப் பெருங்காயத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான டப்பாக்களில் மைதா கலந்திருக்கும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.