பழைய ஒண்டுக்குடித்தன வீட்டைப் பசுமை வீடாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் சில தெருக்களில் அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றிக் கீழும் மேலுமாக எட்டு, பத்துக் குடித்தனம். இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டாமல், இதையே பழுதுபார்த்து, கரண்ட் பில் குறைவாக வரும் வாடகை வீடுகளாக்கலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்கல், சுண்ணாம்பு, மரம் மூன்றும் சேர்ந்த அந்தக் கட்டடத்துக்கு வெயிலைத் தாங்கத் தெரியும். வேலை தொடங்கிய முதல் மாதமே அதைக் கெடுத்துவிட்டு, அப்புறம் ஏசியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வாங்கிச் சரிக்கட்டப் பார்ப்பதில்தான் பணம் கரைகிறது.

கெடுப்பது பெரும்பாலும் சிமெண்ட் பூச்சுதான். என் பெரியம்மா அப்படி ஒரு வீட்டில் கீழ்ப் போர்ஷனில் இருந்தார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். வீட்டுக்காரர் நல்லது செய்வதாக நினைத்துப் பழைய காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். இரண்டு மழைக்காலம் போனதும் ஓதம் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. பூச்சின் மேல் திட்டுத் திட்டாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தட்டினால் டொப் டொப்பென்று சத்தம் வரும். ஓரத்தை நெம்பினால் அப்பளம் மாதிரி கையோடு பெயர்ந்து வரும். பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கிறதென்று பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார்.

அந்தக் காலத்துச் சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் இதே கதிதான். ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகியிருக்கலாம். கழிவுநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். அதைச் சரிசெய்து, சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடைக்காலமாவது சுவரைக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்புக் கலவை சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடும், காய்வதற்கும் நாளாகும். பூசிய வாரமே பெயிண்ட் அடித்துச் சாவி கொடுக்கிறேன் என்று சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது மாடித் தளம். உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாகச் சாய்வு வரிசையில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தது மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறதென்று ஒவ்வொரு தலைமுறையும் அதன்மேல் ஒரு அடுக்குச் சிமெண்ட் போட்டிருக்கும். அத்தனை பாரமும் உத்திரத்தில்தான் இறங்குகிறது. உத்திரம் நடுவில் நன்றாகத்தான் தெரியும். சுவருக்குள் போகும் நுனியில்தான் ஈரமும் கரையானும் வேலை செய்திருக்கும். ஒவ்வொரு நுனியையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம், இரும்புத் தகடு கொடுக்கலாம்; முழுத் தளத்தையும் உடைத்துக் கான்கிரீட் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. இதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கட்டாயம் வேண்டும், அதுவும் பழைய கட்டடத்தில் கைபழகியவராக. புதுச்சேரியில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை மறந்துவிட வேண்டாம்.

சோலார் வைக்க நினைத்தால் இந்தத் தளத்தில் போல்ட்டுக்காகத் துளை போடாதீர்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். பேனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் பாரம் கனமான சுவர்களின் மேல் இறங்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

முற்றத்தைப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுவது எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. இந்த வீடுகளுக்குப் பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. அடுத்த வீடு ஒட்டியே நிற்கும். எட்டுக் குடித்தனத்துக்கும் வெளிச்சமும் காற்றும் அந்த ஒரு திறப்பு வழியாகத்தான். சூடான காற்று மேலே போகிற வழியும் அதுதான். மூடினால் மத்தியானத்திலும் லைட் போட வேண்டும். திருட்டுப் பயம் என்றால் இரும்புக் கிராதி போதும். முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுக்கு விட்டால், தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கும் அது உதவும். பன்னிரண்டடி உயரக் கூரையின் கீழ் ஃபால்ஸ் சீலிங் அடிப்பதும் வேண்டாம். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குப் பக்கம். அதை வாங்குங்கள்.

குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை இல்லாமல் இன்று யாரும் வரமாட்டார்கள். அதற்காக மாடியில் சுண்ணாம்புத் தளத்தின் மேல் பாத்ரூம் கட்டினால் கீழே இருக்கும் உத்திரம் போச்சு. கொல்லைப் பக்கம் பழைய சுவரைத் தொடாமல், தனியாகத் தூண் எழுப்பி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கழிப்பறைகளை அடுக்குங்கள். வரைபடம் போடும் முன்பே வீடு சிஎம்டிஏ-வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரே மீட்டரிலிருந்து சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இஷ்டப்படி வசூலித்தால், குடியிருப்பவருக்கு என்ன மிச்சம்? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அவர்களுக்கும் சேர வேண்டியது. தனித்தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். வேலைக்காக எல்லோரையும் காலி செய்யச் சொல்வதும் தேவையில்லாதது. வெளியே போனவர்கள் புது வாடகைக்குத் திரும்ப வர முடியாது. காலியாக இருக்கும் இரண்டு போர்ஷனை முதலில் முடியுங்கள். அடுத்த இரண்டு குடும்பம் அதற்கு மாறட்டும், அவர்கள் விட்ட இடத்தில் வேலை நடக்கட்டும். இப்படியே போனால் ஒரு வருடம் கூடுதலாகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்கே போவார்கள்.