பழைய சுங்குடியில் ஒரு சுருக்குப்பை

அம்மாவின் சுங்குடிப் புடவையில் முந்தானை நைந்துவிட்டது, உடல் பகுதி நன்றாகவே இருந்தது. அதில்தான் என் முதல் சுருக்குப்பை. இதற்காகத் துணி வாங்கச் சென்னை கோடவுன் தெரு வரை அலைய வேண்டாம். துவைத்துத் துவைத்துப் பழகிய காட்டன் இனிமேல் சுருங்காது.

7 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்தில் அரை அங்குலம் விட்டு அடியையும் இரு பக்கங்களையும் தையுங்கள். இங்கேதான் கவனம்: பக்கத் தையலை வாயிலிருந்து 3 அங்குலம் கீழேயே நிறுத்திக் கெட்டித் தையல் போட வேண்டும். நான் முதல் தடவை வாய்வரை அடித்துவிட்டு, நாடா நுழைக்க வழியில்லாமல் முழித்தேன். அப்புறம் என்ன, பிரித்ததுதான்!

திறந்திருக்கும் ஓரங்களை உள்ளே மடித்து அடியுங்கள். வாயைக் கால் அங்குலம், மறுபடி ஒன்றேகால் அங்குலம் மடித்துத் தைத்தால் நாடாவுக்கு வழி கிடைக்கும். 20 அங்குல நாடா இரண்டு எடுத்து, ஊக்கில் மாட்டி, ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் தொடங்கி முழுச் சுற்று நுழைத்து முடிச்சிடுங்கள்.

எங்கள் திருவான்மியூர் உப்புக்காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதனால் தைக்குமுன் ஊசியை ஒருமுறை துடைத்துவிடுங்கள், வெள்ளைத் துணி என்றால் கட்டாயம்.