நடுப் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள்

"அருமையான புத்தகம், கண்டிப்பா படிங்க" என்று சொல்லி யாரையும் படிக்க வைக்க முடியாது. கேட்பவர் தலையாட்டுவார், பெயரைக்கூடக் குறித்துக்கொள்வார், அதோடு சரி. நமக்கு அந்தப் புத்தகத்தின் மேல் இருக்கும் பிரியம் மட்டும்தான் அதில் தெரிகிறது. கேட்பவருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது தெரிவதில்லை.

இராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி அடுக்கும் அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்கப் புத்தகம். மல்லிகை நாற்று போடும் மதினி, பாம்பன் நாட்டுப்படகு அண்ணன், உறவுக்காரர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடைக்கும் வந்துபோகும் கீழக்கரை லாத்தா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று வாசிக்கிறவர்கள் வருவார்கள். துணி தைக்கக் கொடுக்கிறவர்களைவிட இவர்கள்தான் கடையில் அதிக நேரம் உட்காருவார்கள். புத்தகங்கள் இவர்கள் கையில் மாறி மாறிப் போவதைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இப்போது வாசித்துக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேசுவது. இதை ஏனோ எல்லாரும் புத்தகம் முடிந்த பிறகுதான் செய்கிறார்கள். முடித்துவிட்டுப் பேசினால் நம்மிடம் தீர்ப்புதான் இருக்கும். நல்லா இருந்தது, சுமார், முடிவு சரியில்லை. தீர்ப்பைக் கேட்டவர் அதற்கு மேல் என்ன பேசுவார்? பாதியில் இருக்கும்போது நம்மிடம் கேள்வி இருக்கும். கேள்விக்குத்தான் எதிரே இருப்பவர் பதில் சொல்வார்.

அதற்கு நான் கடைப்பிடிப்பது இதுதான். எதுவரை வந்திருக்கிறேன் என்று சொல்வேன். அங்கே என் மனதைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது என்று சொல்வேன். இனி என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லி நிறுத்திவிடுவேன். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலை வாசித்தபோது பாம்பன் அண்ணனிடம் இப்படிச் சொன்னேன்: "அண்ணே, மணப்பாட்டுக் கதை ஒண்ணு படிச்சுக்கிட்டு இருக்கேன். ஊர்ல லாஞ்சு வந்துருச்சு. வல்லத்துக்காரவுகளுக்கும் லாஞ்சுக்காரவுகளுக்கும் ஆகல. வல்லத்தை விக்கிறதா வேண்டாமான்னு ஒரு வீட்டுக்குள்ளயே வழக்கு. வித்துருவாகளோன்னு எனக்குப் பயமா இருக்கு." (வல்லம் என்பது நாட்டுப்படகு, லாஞ்சு என்பது விசைப்படகு.) அண்ணன் உடனே, "நம்ம ஊர்க் கதைல்ல இது? எந்தக் காலத்துல எழுதுனது?" என்று கேட்டார். 1977-இல் வந்த நாவல் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விசைப்படகு முதலில் வந்த காலத்தில் தன் அய்யா பட்ட பாட்டை ஒவ்வொன்றாகச் சொன்னார். கிளம்பும்போது, "நீ முடிச்சதும் எங்கிட்டக் குடு" என்றார். படியுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்று கவனியுங்கள். நான் கதையைச் சொல்லவில்லை, சிக்கலைத்தான் சொன்னேன். சிக்கலை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். அது எப்படி அவிழ்ந்தது என்பதை மட்டும் சொல்லக் கூடாது. சில பதிப்புகளின் பின்னட்டையிலேயே பாதிக் கதை இருக்கும். அப்படிப்பட்ட புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்துவிடுவேன்.

குரல் பதிவாக அனுப்புகிறவர்கள் ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வலை பிரிக்கும் இடத்திலோ பஸ்ஸிலோ இருந்துதான் கேட்பார்கள்.

ஆளைக் கேட்டுப் புத்தகம்

பரிந்துரை என்பது வேறு வேலை. அளவு எடுக்காமல் யாருக்கும் துணி வெட்ட மாட்டேன். புத்தகமும் எனக்கு அப்படித்தான். "உங்களுக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் நாவல், வரலாறு, தன்னம்பிக்கை என்று வகையைத்தான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் எடுத்துக் கொடுக்க முடியாது. "கடைசியா முழுசாப் படிச்சு முடிச்சது எது? எதைப் பாதியில வச்சீங்க?" என்று கேளுங்கள். இந்த இரண்டு பதிலும் போதும். பாதியில் வைத்த புத்தகம் ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

அடுத்து, ஒரே மூச்சில் உட்கார்ந்து வாசிக்க அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. எங்கள் கடற்கரையில் இதைக் கேட்காமல் புத்தகம் கொடுத்துப் பயனில்லை. இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில்தான் திரும்பும். அந்தப் படகில் போகிறவருக்குக் கரையில் கிடைப்பது துண்டு துண்டான நேரம். அதில் தூக்கம் முதல், வீடு அடுத்தது, புத்தகம் அதற்குப் பிறகுதான். அவருக்குச் சிறுகதைத் தொகுப்போ குட்டி குட்டி அத்தியாயமுள்ள புத்தகமோதான் சரி. அதே ஆளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்ததைக் கூட்டினார்கள். வருமானம் நின்று மனசு கனத்திருக்கும் நாட்கள் அவை. படகுப் பராமரிப்பும் வலை வேலையும் இருக்கும். ஆனாலும் மத்தியானம் நீண்டு கிடக்கும். எழுநூறு பக்க நாவலைத் தைரியமாக நீட்டலாம். போன தடைக்காலத்தில் தடித்தடியான நாவல்களை வாசித்து முடித்து அலமாரிக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள், தை மாதத்தில் நூறு பக்கப் புத்தகத்தைக்கூட வேண்டாம் என்றவர்கள்தான்.

நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் கிடையாது. ஆகவே பாம்பன் அண்ணனுக்குக் கணக்கு வேறு. காற்று பலத்து, கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும் நாட்கள்தான் அவருக்கு வாசிப்பு நாட்கள்.

எழுத்தின் அளவையும் கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நெருக்கி அச்சடித்த மலிவுப் பதிப்பைக் கொடுத்தால், புத்தகம் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். உண்மையில் அவர்களுக்குக் கண்தான் தெரிந்திருக்காது. சங்கடத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. அதில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. கடலில் சிறைப்பிடிக்கப்பட்ட மகன் இலங்கையிலிருந்து எப்போது வருவான் என்று காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மண்டபம் அகதிகள் முகாமில், இலங்கையில் தங்கள் ஊரை விட்டுத் தோணியில் வந்தவர்கள் இருக்கிறார்கள். புயலையும் கடல் சாவையும் போரையும் எழுதிய நல்ல புத்தகங்கள் உண்டு. அவற்றை இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாங்கமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்வதும் தவறு. "இதுல புயல் வருது, ஆச்சி. ஆள் போறதும் வருது. படிக்கிறீகளா, வேற எடுத்துத் தரவா?" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர் முடிவுக்கு விடுங்கள். முகாமில் இருக்கும் பெண் ஒருவர் என்னிடம் கேட்டு வாங்கிப்போவது ஈழத்து எழுத்துகளை மட்டும்தான். இன்னொருவர் அந்தப் பக்கம் கையே வைக்க மாட்டார். இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு.

ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம்

பத்துப் புத்தகப் பட்டியல் கொடுக்காதீர்கள். பட்டியல் கொடுத்தால் எதை முதலில் எடுப்பது என்ற வேலையையும் சேர்த்து அவர் தலையில் வைக்கிறோம். ஒன்றை மட்டும் எடுங்கள். அவருக்கு ஏன் என்பதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஒரு கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலைபார்த்த அக்கா ஒருவருக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கொடுத்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல் அது; எழுதியவர் அந்த மக்களிடையே போய்ப் பழகி எழுதியது. "வெயில்ல உப்பு வாருறவுக காலு எப்படி ஆகும்னு வெளியாள் ஒருத்தவுக கவனிச்சு எழுதியிருக்காக. சரியா எழுதியிருக்காகளான்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன். ஒரு வாரத்தில் வந்தார். எது சரி, எது வாலிநோக்கத்தில் வேறு மாதிரி என்று விரல்விட்டுச் சொன்னார். புத்தகம் பிடித்ததா என்ற பேச்சே எழவில்லை. வேலை தெரிந்தவரிடம் அவர் வேலையைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்பதைப் போல மரியாதையான பரிந்துரை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கஷ்டத்தைச் சொல்வது என்றேன். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சில் வருவது. மலையாள வாசனை நிறைய. கீழக்கரை லாத்தாவுக்கு அதிலிருக்கும் அரபுச் சொற்கள் அத்தனையும் வீட்டுப் பேச்சு. மலையாளம் கலந்த இடங்களில்தான் அவர் நின்றார். என் மல்லிகை மதினிக்கு இரண்டுமே புதிது. அதனால் மதினியிடம், "முதல் இருபது பக்கம் புரியாத மாதிரி இருக்கும், சத்தமா வாசிங்க, காது பழகிரும்" என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லாமல் கொடுத்திருந்தால் தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று நினைத்து மூடி வைத்திருப்பார். கஷ்டத்தை முன்பே சொல்லிவிட்டால் வாசிப்பவர் அதைப் புத்தகத்தின் இயல்பாக எடுத்துக்கொள்வார்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்ற மூன்றும் அவற்றில் உண்டு. நூலகர்களுக்காகச் சொன்னது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புத்தகம் சொல்கிற நமக்கும் இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடையாது.

கொடுத்த பிறகு "படிச்சாச்சா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஆட்கள் கடைப் பக்கம் வராமல் இருப்பார்கள். "எங்க நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். பத்தாம் பக்கம் என்றாலும் அது ஒரு பதில். பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்கி, எந்த இடத்தில் விட்டார் என்று கேட்டு எழுதிவையுங்கள். என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஆள், புத்தகம், விட்ட இடம், அடுத்துக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறேன். வர்ணனை நீளும் இடத்தில் விடுகிறவர் யார், கதாபாத்திரம் அதிகமானால் விடுகிறவர் யார் என்று அந்த நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

சேர்ந்து உட்காருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு காலை இங்கே சர்ச்சில் பூசை, வெள்ளி மத்தியானம் ஜும்ஆ தொழுகை; இரண்டையும் தவிர்த்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் வையுங்கள். தலைமையும் சிறப்புரையும் வேண்டாம். ஒவ்வொருவரும் இப்போது வாசிக்கும் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பக்கம் சத்தமாக வாசித்தால் போதும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களும் உண்டு. வாசிக்கவே தெரியாத ஆச்சிமாரும் வருவார்கள். கேட்பதும் வாசிப்புதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். புராணங்களை ஒருவர் வாசிக்க ஊர் கூடிக் கேட்ட மரபு நமக்குப் புதிதில்லை.

புத்தகம் கைமாறும்போது சில காரியங்கள். உப்புக் காற்றில் பின் அடித்த புத்தகம் சீக்கிரம் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும். நூல் கோத்துத் தைத்த பதிப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள். பின் அடித்ததாக இருந்தால் பின்னைக் கழற்றிவிட்டு ஊசி நூலால் நடுவில் இரண்டு இடத்தில் தைத்துவிடலாம். அதற்கு மெஷின் வேண்டாம், கையால் தைப்பதே நல்லது. மடித்து மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுங்கள்.

விற்பனையில் இருக்கும் புத்தகத்தைப் படம் பிடித்து போனில் அனுப்பாதீர்கள். எழுதியவருக்குச் சேர வேண்டியது அது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களைத் தாராளமாகப் பகிரலாம். ராஜம் கிருஷ்ணன் நூல்கள் அந்த வரிசையில் வருபவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் மதுரைத் திட்டம் என்ற இணையதளத்திலும் தேடினால் இப்படி ஏராளம் கிடைக்கும்.

சொந்தப் புத்தகமாக இருந்தால் கடைசி வெற்றுப் பக்கத்தில் வாசித்தவர்கள் பென்சிலால் பெயரும் ஒரு வரியும் எழுதட்டும். அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே போகிறார். கிளை நூலகப் புத்தகத்தில் எதுவும் எழுதக் கூடாது. அந்த ஒரு வரியைத் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுங்கள். சீட்டு வைத்திருப்பதை நூலகரிடம் சொல்லிவிடுங்கள், தட்டி எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வார்.