புயலுக்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள்

கஜா புயல் வரப்போகிறது என்று எங்கள் பக்கத்தில் தெரியாத ஆளே கிடையாது. டிவியில் அதுதான் ஓடியது, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள், போனிலும் மெசேஜ். இருந்தும் 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது கூரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் தெருக்கோடி அப்பாயி, "ரெண்டு ஆட்டையும் விட்டுட்டு நான் எங்கப்பா வருவேன்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் ஆளுக்கொரு ஆட்டைத் தூக்கிக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு போனால், தங்கச் சொன்ன கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, சாவி வைத்திருந்தவர் வேறு ஊரில்.

சேதி வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஆடு, சாவி, கக்கூஸ் மாதிரி சில்லறை விஷயங்களில்தான் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. அதை முன்னாலேயே தீர்த்து வைப்பதுதான் வேலை, அதற்குப் பெரிய பணமும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் பிடிக்கும். ஆகவே செப்டம்பரிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு, மகளிர் குழுவிலிருந்து ஒரு அக்காவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். வாசலில் நின்று கேட்டால் "நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று அனுப்பிவிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, முடிந்தால் பெண்களிடம் கேளுங்கள். கூரையா, ஓடா, மாடியா? படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா? கர்ப்பிணி என்றால் எத்தனையாவது மாதம்? சுகருக்கு ஊசி போடுகிறவர், டயாலிசிஸ் போகிறவர், காது கேட்காதவர் (இவருக்கு மைக் சத்தத்தால் பிரயோஜனமே இல்லை), புருஷன் திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டதால் பிள்ளைகளோடு தனியாக இருக்கிற பெண், எல்லாரையும் எழுதுங்கள். ஆடு மாடு எத்தனை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், ஏனென்றால் கிளம்பாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அப்புறம் பத்து வீட்டுக்கு ஒரு ஆள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் அதே தெருக்காரராக இருக்கட்டும், அவர் வந்து கதவைத் தட்டினால் திட்டிக்கொண்டாவது கிளம்புவார்கள். ஆரஞ்சு அலர்ட் வந்த அன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, படுக்கையில் இருப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் நகர்த்திவிடுங்கள். சிவப்பு வரட்டும் என்று உட்கார்ந்தால் வண்டி கிடைக்காது. ஒடிசாவில் 1999 சூப்பர் சைக்ளோனில் ஏறக்குறைய 10,000 பேர் செத்தார்கள். 2013இல் அங்கேயே பைலின் புயல் வந்தபோது முன்கூட்டியே கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை நகர்த்தியதில் சாவு ஐம்பதைத் தாண்டவில்லை.

அக்டோபர் 2 கிராம சபையை விட்டுவிடாதீர்கள். வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம், இந்தத் தடவை எழுந்து கேளுங்கள். பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம், இரண்டாவது சாவி யாரிடம், ஜெனரேட்டர் ஓடுகிறதா, பெண்களுக்குத் தாழ்ப்பாளோடு கழிப்பறை இருக்கிறதா (இல்லையென்றால் வயசுப் பெண்கள் வரவே மாட்டார்கள்), ஆடு மாட்டை எங்கே கட்டுவது, வடிகாலில் அடைத்துக் கிடக்கிற ஆகாயத்தாமரையை எப்போது எடுப்பார்கள். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புயலுக்கு அப்புறம் ஏழைகள் அடிபடுவது இங்கேதான். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், பட்டா எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, போனிலும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். வீட்டையும் வயலையும் இப்போதே நாலு பக்கமும் படம் எடுங்கள், இடிந்த பிறகு முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட வேறு வழி இருக்காது. குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் விஏஓவிடம் தங்கள் பெயரில் சாகுபடி அடங்கல் (இந்த நிலத்தில் இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்கிற சான்று) வாங்கி, சம்பாவுக்குக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டிவிடுங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில்தான் வரும். அடங்கல் இல்லாவிட்டால் நட்டவன் ஒருத்தன், நிவாரணம் வாங்குகிறவன் இன்னொருத்தன் என்று ஆகிவிடும், பார்த்திருக்கிறேன்.

கூரைக்குப் பழைய மீன்வலையைப் போர்த்தி, கயிற்றை நாலு மூலையிலும் முளையடித்து இழுத்துக் கட்டலாம். சாதாரணக் காற்றுக்குத் தாங்கும். புயலுக்கு இதை நம்பி உள்ளே படுக்காதீர்கள்.

இன்னொன்று. நடு இரவில் காற்று சட்டென்று நின்று வானம்கூடத் தெளிந்தால், புயலின் கண் தலைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரையும் வெளியே விடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். விடிந்த பிறகும் அறுந்து கிடக்கிற கம்பியைத் தாண்டக்கூடாது.

நிவாரண லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே தள்ளி இருக்கிற காலனிக்கும் குப்பத்துக்கும் மூன்றாம் நாள் ஏதாவது வந்தால் அதிசயம். கஜாவில் மரம் விழுந்து பாதை அடைத்திருந்தது என்று சொன்னார்கள், பாதை திறந்த பிறகும் அதே கதைதான். அதனால் நோட்டில் உள் தெருக்களை முதல் பக்கத்தில் எழுதி, லாரிக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. யாருக்கு எவ்வளவு போனது என்று அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அட்டையின் மேல் 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 1070 (மாநிலம்) இரண்டையும் பெரிதாக எழுதுங்கள்.

நோட்டுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று மாடி வீட்டில், இன்னொன்று மகளிர் குழு அக்காவிடம். ஊராட்சி அலுவலகத்தில் வைக்காதீர்கள், அங்கேயும் பூட்டுதான்.