மின்சாரம் போகும் ஊரில் கேவிஎம்: ஒரே சர்வரில் மூன்று கணினிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனையொட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வார நாட்களில் டர்பன் நகருக்குள் ஓர் அலுவலகத்தின் சர்வர்களைக் கவனிப்பது என் வேலை. அதனால் மண்டபத்துக்கு ஒரு சர்வர் வேண்டும் என்றதும் எல்லாரும் "அக்கா பார்த்துக்கொள்வார்" என்று என் பக்கம் திரும்பினார்கள்.

தேவை மூன்று. மாணவர் பதிவேடு ஒன்று. வயதானவர்களிடம் பதிவு செய்த தெருக்கூத்துப் பாட்டுகளை வைக்க ஓர் இடம்; இங்கே இளையவர்கள் அந்தக் கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். மூன்றாவது, பிள்ளைகள் தட்டிக் கெடுத்துப் பழக ஒரு லினக்ஸ். இருந்ததோ யாரோ கொடுத்த ஒரே பழைய டவர் சர்வர்: 4 கோர், 32 ஜிபி ரேம், 1 டெராபைட் எஸ்எஸ்டி இரண்டு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பாட்டிகளின் குரலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கும் ஹைப்பர்வைசர்தான் வழி. அப்படிப்பட்ட மெய்நிகர் கணினி ஒவ்வொன்றையும் விஎம் என்பேன்.

நான் எடுத்துக்கொண்டது டெபியன் என்ற லினக்ஸும் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரும். கேவிஎம் 2007இல் வெளிவந்த 2.6.20 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. கெர்னல் பிராசசரைப் பகிர்ந்து கொடுக்கும், கியூஎமு என்ற நிரல் டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றைப் போலியாக உருவாக்கிக் காட்டும், லிப்விர்ட் இவ்விரண்டையும் நிர்வகிக்கும். கீழே கட்டளைகளை வகுப்பில் சொல்வதைப் போல ஒலிப்பிலேயே எழுதுகிறேன்.

முதலில் பயாஸ், அதாவது சர்வரை இயக்கியதும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை. இன்டெல் என்றால் விடி–எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். அதே பயாஸில் மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்று கேட்கும் இடமும் உண்டு. அதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

டெபியனை டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவுங்கள். இரண்டு எஸ்எஸ்டிகளையும் நிறுவும்போதே ரெய்டு 1 ஆக, ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும்படி, இணைத்துவிடுங்கள். பிறகு டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக ஐந்து பொதிகள் போதும்: கியூஎமு–சிஸ்டம்–எக்ஸ்86, லிப்விர்ட்–டீமன்–சிஸ்டம், லிப்விர்ட்–கிளையன்ட்ஸ், விர்ட்இன்ஸ்ட், பிரிட்ஜ்–யூட்டில்ஸ். முடிந்ததும் 'விர்ட்–ஹோஸ்ட்–வாலிடேட்' ஓட்டிப் பாருங்கள். கேவிஎம் வரிகள் பாஸ் ஆனால் சரி. ஐஓஎம்எம்யூ பற்றிய எச்சரிக்கை வந்தால் கவலை வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றை நேரடியாக உள்ளே கொடுப்பவர்களுக்குத்தான் அது வேண்டும்.

உங்கள் பயனர் பெயரை 'லிப்விர்ட்' குழுவில் சேர்த்துவிட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வாருங்கள். புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ரூட் என்ற நிர்வாகியாக உருவாக்கிய விஎம், சாதாரணப் பயனராக விஎம்களைப் பட்டியலிடும் 'விர்ஷ் லிஸ்ட்' கட்டளையைத் தட்டினால் தெரியாது. அழிந்துவிட்டதோ என்று பதறத் தேவையில்லை. சாதாரணப் பயனருக்கு விர்ஷ் தனி 'செஷன்' ஒன்றைக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது சர்வர் முழுவதுக்கும் பொதுவான 'சிஸ்டம்'. லிப்விர்ட்–டிஃபால்ட்–யூஆர்ஐ என்ற சூழல் மாறியில் சிஸ்டம் முகவரியை வைத்துவிட்டால் தீர்ந்தது.

நெட்வொர்க்குக்கு லிப்விர்ட் 192.168.122 என்று தொடங்கும் உள்வலை ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. அதிலிருந்து விஎம் இணையத்துக்குப் போகலாம். வகுப்பறைக் கணினிகள் விஎம்மைத் தேடி வர முடியாது. பிள்ளைகளின் லினக்ஸுக்கு அது போதும். பதிவேட்டையும் பாட்டுக் களஞ்சியத்தையும் எல்லாரும் திறக்க வேண்டும் என்பதால் அவற்றை வகுப்பறை வலையோடு நேரடியாக இணைக்கும் ஒரு பிரிட்ஜ் வேண்டும். இன்டர்ஃபேசஸ் கோப்பில் 'பிஆர்0' என்று எழுதி, நிலையான ஐபியை அதற்குக் கொடுத்து, கேபிள் கார்டை அதன் கீழே சேர்த்தேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து, விசைப்பலகையோடு செய்ய வேண்டிய வேலை இது. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச்சில் செய்தால் ஓர் எழுத்துப் பிழை போதும், இணைப்பு போய்விடும். வைஃபை கார்டில் பிரிட்ஜ் பொதுவாக வேலை செய்யாது, கேபிள் இழுத்துவிடுங்கள்.

விஎம் உருவாக்குவதற்கு 'விர்ட்–இன்ஸ்டால்'. பெயர், ரேம், கோர், டிஸ்க் அளவு, ஐஎஸ்ஓ கோப்பு, ஓஎஸ் வகை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஓஎஸ் வகையை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் விஎம்களுக்கென்றே ஆன வேகமான 'விர்ட்டியோ' டிஸ்க்கையும் நெட்வொர்க் கார்டையும் அது தேர்ந்தெடுக்கிறது. நான் பதிவேட்டுக்கு 4 ஜிபி, களஞ்சியத்துக்கு 8 ஜிபி, பிள்ளைகளுக்கு 4 ஜிபி ரேம் கொடுத்தேன். மீதி சர்வருக்கே. இருப்பதையெல்லாம் விஎம்களுக்கு வாரிக் கொடுத்தால் சர்வர் திணறும்போது எல்லாமே சேர்ந்து திணறும்.

இதுவரை செய்தது ஒரு மதியத்து வேலை. இனிமேல் சொல்லப்போவது எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு லோட் ஷெட்டிங் என்னும் சுழற்சி முறை மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 முழுக்க அட்டவணையைப் பார்த்துத்தான் சோறு வைத்தோம். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெருமளவு ஓய்ந்தது. ஆனாலும் கேபிள் திருட்டு, மழை என்று மின்சாரம் போவது நிற்கவில்லை. முதல் முறை நான் விஎம்களை அமைத்தபோது களஞ்சியத்தின் டிஸ்க்குக்கு, எழுதும் தரவை இடையில் தேக்கிவைக்கும் கேஷ் முறையை 'அன்சேஃப்' என்று வைத்திருந்தேன். நிறுவும் வேலை வேகமாக முடியும் என்பதற்காகச் செய்து, மாற்ற மறந்தேன். அந்த முறையில் உள்ளே இருக்கும் விஎம் "டிஸ்க்கில் எழுது" என்று வற்புறுத்தினாலும் கியூஎமு காதில் வாங்காது. தரவு சர்வரின் ரேமிலேயே தங்கியிருக்கலாம். யுபிஎஸ் இருந்தது. ஆனால் பேட்டரியின் நிலையைச் சர்வருக்குச் சொல்லும் அதன் யுஎஸ்பி கேபிளை நான் சர்வரில் செருகவே இல்லை. ஒரு மாலை பேட்டரி தீர்ந்து எல்லாம் ஒரே நொடியில் அணைந்தது. அன்று காலை ஏற்றிய ஒரு பாட்டியின் பதிவு திறக்கவே இல்லை. மறுபடி அவர் வீட்டுக்குப் போய்ப் பாடச் சொன்னோம். பாடினார். முதல் முறை பாடியதில் இரண்டு அடி அவருக்கு நினைவு வரவில்லை.

அதனால் இந்தப் பகுதியைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

'விர்ஷ் எடிட்' கொடுத்து ஒவ்வொரு டிஸ்க்கின் கேஷையும் 'நன்', அதாவது 'எதுவும் இல்லை', என்று மாற்றுங்கள். எடிட் செய்த பின் விஎம்மை முழுதாக அணைத்து ஏற்றினால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். உள்ளே ரீபூட் செய்தால் போதாது.

அடுத்து, சர்வர் அணையும்போது விஎம்கள் ஒழுங்காக அணைய வேண்டும். எட்சி–டிஃபால்ட்டுக்குள் 'லிப்விர்ட்–கெஸ்ட்ஸ்' என்ற கோப்பைத் திறங்கள், இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அதில் ஆன்–ஷட்டவுன் என்பதற்கு 'ஷட்டவுன்', ஆன்–பூட் என்பதற்கு 'இக்னோர்', பேரலல்–ஷட்டவுன் 3, ஷட்டவுன்–டைம்அவுட் 120 என்று எழுதினேன். மூன்றும் ஒரே சமயத்தில் அணையத் தொடங்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது. திரும்ப எழ வேண்டியவற்றுக்கு மட்டும் 'விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்'. பிள்ளைகளுடையது எழாது, வகுப்பு அன்று நான் கையால் ஏற்றுவேன். சர்வர் சொல்வதை உள்ளிருந்து கேட்கும் கியூஎமு–கெஸ்ட்–ஏஜென்ட்டை விஎம்களுக்குள் நிறுவி வையுங்கள். 'விர்ஷ் டெஸ்ட்ராய்' என்பது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். அவசரத்துக்குக் கூட அதைப் பழகாதீர்கள்.

யுபிஎஸ்ஸோடு பேச நட் என்ற மென்பொருள் இருக்கிறது. யுஎஸ்பி யுபிஎஸ்களில் பலவற்றுக்கு 'யுஎஸ்பிஎச்ஐடி–யுபிஎஸ்' டிரைவர் போதும். நட் தன்போக்கில் விட்டால், பேட்டரி குறைந்துவிட்டது என்று யுபிஎஸ் அறிவிக்கும்வரை காத்திருக்கும். பழைய பேட்டரி அப்படி அறிவித்த அரை நிமிடத்தில் செத்துவிடும். லோட் ஷெட்டிங் என்றால் எப்படியும் இரண்டு மணி நேரம். கடைசிச் சொட்டுவரை இழுத்துப் பயனில்லை. நட்டின் நேரக்கணக்குக் கருவியான 'யுபிஎஸ்ஷெட்' மூலம் ஐந்து நிமிடக் கெடு வைத்தேன். அதற்குள் மின்சாரம் வந்தால் கெடு ரத்து, வராவிட்டால் அணைக்கும் வேலை தொடங்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் வந்துவிட்டால்? யுபிஎஸ் நிற்கவே இல்லை, ஆகவே சர்வருக்கு மின்சாரம் 'திரும்பியதாக' தெரியாது; அணைந்தபடியே கிடக்கும். பயாஸில் வைத்த 'பவர் ஆன்' உதவாது. இதற்காகத்தான் அணைக்கும் கடைசிக் கட்டத்தில் நட் யுபிஎஸ்ஸையும் வெளியீட்டை நிறுத்தச் சொல்கிறது. அதற்கான பவர்டவுன்ஃபிளாக் வரி உங்கள் நட் அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆன்டிலே' 120 என்று வைத்தால், மின்சாரம் வந்து இரண்டு நிமிடம் கழித்தே சர்வருக்குப் போகும். திரும்பி வரும்போது ஏறி இறங்கும் மின்னழுத்தம் அதற்குள் அடங்கிவிடும். எல்லா யுபிஎஸ்ஸும் இதை மதிப்பதில்லை. அதனால் ஒரு ஞாயிறு காலை சுவரில் யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடிகாரத்தோடு உட்காருங்கள். எங்கள் மண்டபத்தில் விஎம்கள் அணைய 70 நொடி ஆனது. பிளக்கை மறுபடி செருகிய பின் யாரும் தொடாமல் இரண்டு விஎம்களும் எழுந்தன. மூன்று முறை அப்படிச் செய்த பிறகுதான் பாட்டுகளை மறுபடி ஏற்றினேன்.

ஒவ்வொரு விஎம்மின் அமைப்பையும் 'விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்' கொடுத்து ஒரு கோப்பாக எடுத்து, டிஸ்க் கோப்புகளோடு வெளி டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். ஞாயிறு இரவு விஎம்மை அணைத்துவிட்டுத்தான் நகல். ஓடும்போது டிஸ்க் கோப்பை அப்படியே பிரதி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் கிடைக்கும். விஎம்மின் ஒரு கண நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் அதே எஸ்எஸ்டியில் இருப்பதால் அதை நகலாகக் கணக்கிடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த பிறகு மண்டபத்துக்குள்ளேயே நகலை வைக்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது அந்த டிஸ்க் மேட்டுப் பகுதியில் குடியிருக்கும் ஓர் ஆன்டி வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஞாயிறு மாலை அவரே கொண்டுவருவார்.