வீடியோ இருக்கு, ஆனால் கேஸ் நிற்கவில்லை: சைக்கிள்காரர்கள் போலீஸ் புகாரில் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோவை ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு டீக்கடை முன்னால் நின்றிருந்தோம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் கல்லூரித் தம்பி ஒருவன் முழங்கையில் பிளாஸ்திரியோடு வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தி ரோட்டில், சரவணம்பட்டிக்கு இப்பால், ஒரு மினி லாரி ஹேண்டில்பாரை உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. “வீடியோ இருக்குங்கண்ணா” என்று போனை நீட்டினான். மொத்தம் பதினான்கு விநாடி. லாரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பின்னணியில் ஒரு பாட்டு.

எனக்கு அடிவயிறு கலங்கியது. நான்கு வருடம் முன்னால் நானும் இப்படியொரு வீடியோவைத்தான் கையில் வைத்திருந்தேன். அதற்கப்புறம் ஏழெட்டுப் பேராவது இதே மாதிரி வந்து நின்றிருக்கிறார்கள். சிங்காநல்லூரிலிருந்து கணபதியில் இருக்கும் பட்டறைக்குப் பதினோரு வருடமாகச் சைக்கிளில் போய்வருகிறேன். ஹெல்மெட் போடு, பின்னால் சிவப்பு லைட் மாட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அடிபட்டு எழுந்த பிறகு எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரிஜினலைத் தொலைப்பது

பட்டறை விட்டு காமராஜர் ரோட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு தனியார் டவுன் பஸ் என்னைத் தாண்டிய வேகத்திலேயே ஸ்டாப்புக்கு இடது பக்கம் ஒடித்தது. பின் சக்கரத்து நட்டுகள் என் முட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சுற்றியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒதுங்க இடமில்லை. சாக்கடை மூடியின் மேல் விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று ராத்திரியே, சைக்கிளில் மாட்டியிருந்த கேமராவில் பதிந்த வீடியோவை ஒற்றைக் கையால் போனுக்கு இறக்கி, பஸ் ஒடிக்கும் இடத்தை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து, வட்டம் போட்டு வாட்ஸாப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன். நெம்பப் பேர் கொதித்தார்கள். மெமரி கார்டு கேமராவிலேயே கிடந்தது. என் மகன் டியூஷனுக்கு அந்தச் சைக்கிளை எடுத்தான், கேமராவையும் போட்டுக்கொண்டு போனான். இந்தக் கேமராக்கள் சில நிமிடத்துக்கு ஒரு கோப்பாகப் பதிந்துகொண்டே போகும். கார்டு நிரம்பினால் பழையதை அழித்து அதன் மேல் பதியும். மூன்றே நாளில் என் விபத்து அழிந்துபோனது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. பொறுமையாக மூன்று தடவை பார்த்தார். “இதுக்கு முன்னாடி என்னங்க தம்பி நடந்துச்சு? நீங்க நடுத்தடத்துக்கு வந்தீங்களா, பஸ் உங்க மேல ஒதுங்குச்சா?” என்றார். நான் வெட்டிய துண்டு பஸ் ஒடிப்பதற்கு இரண்டு விநாடி முன்னால்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தின ஒரு நிமிடம் முழுக்க நான் ஓரமாக நேராக வந்தேன். அதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்து வண்டி நெம்பர். வாட்ஸாப்பில் போய் வந்த வீடியோ நசுங்கிப்போய், டி.என். 38-ஆ 33-ஆ என்றே தெரியவில்லை. முதலாவது கோவை வடக்கு, இரண்டாவது ஈரோடு. பஸ்காரர்கள் தரப்பில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “எடிட் பண்ணின வீடியோங்க.” பொய் சொன்னார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை, எடிட் செய்தது நான்தானே. அந்த டிரைவர் அடுத்த நாளும் அதே தடத்தில் பஸ் ஓட்டினார். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சட்டம் இதில் இப்போது இன்னும் கறார். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு விநாடியை வெட்டினாலும் கைரேகை மாறிவிடும்.

அதனால் விழுந்து எழுந்ததும் கேமராவை அணையுங்கள். வீட்டுக்கு வந்து கார்டைக் கழற்றி ஒரு காகிதக் கவரில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரில் முழுக் கோப்பாக ஒரு நகல் எடுங்கள், முன்னும் பின்னும் உள்ள கோப்புகளையும் சேர்த்து. வாட்ஸாப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், வீடியோ நசுங்காது. புதுக் கார்டு வாங்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

துரத்துவது

வேண்டாம். சிக்னலில் பிடித்து ஓரியாட்டம் போட்டால், அடுத்த வீடியோவில் குற்றவாளி நீங்கள்.

இங்கிலாந்து விதியைப் பேசுவது

சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். அது 2022-இல் இங்கிலாந்தின் ஹைவே கோடில் வந்தது. இங்கே பிடிமானம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஆபத்தாக ஓட்டுவது. சிக்னலை மீறுவது, கையில் போனோடு ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குள் வருகின்றன. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“என்னைக் கொல்லப் பார்த்தான்” என்று எழுதாதீர்கள். அவன் மனசில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எத்தனை அடி இடைவெளி, ஹாரன் அடித்தானா, பிரேக் லைட் எரிந்ததா என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

ஓனரை டிரைவர் என்று எழுதுவது

வண்டி யார் பேரில் என்று ஆன்லைனில் தேடி, அந்தப் பேரையே குற்றவாளியாக எழுதிவிடுகிறார்கள். வண்டி எண்ணை மட்டும் கொடுங்கள். அன்று ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி ஓனர் சொல்லியாக வேண்டும்.

“லட்சுமி மில்ஸ் பக்கம்” என்று மட்டும் எழுதுவது

எந்தப் பக்கம்? எங்கிருந்து எங்கே போனீர்கள், எந்தக் கடைக்கு எதிரில் என்று எழுதுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே காரமடை வந்துவிட்டால் மாநகர போலீஸ் எல்லை முடிந்து மாவட்ட போலீஸ் வந்துவிடும். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதியலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேமரா கடிகாரம்

பேட்டரி இறங்கினால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

அடிபட்டும் வீட்டுக்குப் போவது

சிராய்ப்புத்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொள்கிறோம். ஆஸ்பத்திரியில் காட்டி, ரோட்டு விபத்து என்று டாக்டரிடம் சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, இல்லாமல் காயத்தை நிரூபிப்பது கஷ்டம்.

ரசீது வாங்காமல் வருவது

“பாத்துக்கறோம், போங்க” என்பது பதில் ஆகாது. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு எண் போட்டுத் தரும் ரசீது, வாங்காமல் எழுந்து வராதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

அந்தத் தம்பியிடம் நான் முதலில் கேட்டது கார்டைத்தான். கேமராவிலேயே இருந்தது, நல்லவேளை சனிக்கிழமை அவன் வண்டி எடுக்கவில்லை. அங்கேயே கழற்றி பர்ஸில் வைத்தோம். திங்கட்கிழமை ஒன்றரைப் பக்கப் புகாரோடு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவன் ஓரமாக நேராக வரும் ஒரு நிமிடம் முழுசாக இருந்தது. வெயில் சாய்ந்த வெளிச்சத்தில் லாரியின் பின் பலகையில் டி.என். 39 என்பதும் அதற்கடுத்த எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. சி.எஸ்.ஆர். எழுதிக் கொடுத்தார்கள். ஓனரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.